இலைக் கணக்கு தெரியாத கல்யாண ஆப்கள்

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ஆப் தேடும் ஜோடிகள் கேட்க வேண்டிய கேள்விகள்

முகூர்த்தம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மேடையில் போட்டோவுக்கு வரிசை நிற்கிறது. சாப்பாட்டு ஹாலில் இரண்டாம் பந்தி பாதியில் இருக்க, ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் இடம் பிடித்து நிற்கிறார். தலைமைச் சமையல்காரர் துண்டில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து பெண்ணின் அப்பாவைத் தேடிப் பிடிக்கிறார். “இன்னும் எத்தனை இலை விழும்னு சொல்லுங்க. இப்பவே உலை வெச்சாத்தான் ஆகும்.” அப்பா பெரிய மாமாவைப் பார்க்கிறார். மாமா வாசல் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, “மாப்பிள்ளை ஊர் பஸ் ஒண்ணு இன்னும் வரல, எரநூறு வெச்சுக்குங்க” என்கிறார். மணமக்களின் போனில் இருக்கும் கல்யாண ஆப், 412 பேர் வருவதாக உறுதி சொல்லியிருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சமையல்காரரின் கேள்விக்கு அதில் பதில் கிடைத்திருக்காது.

தமிழ்நாட்டின் எந்த மண்டபத்திலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஆனாலும் தட்டு மாற்றிய அன்று இரவே ஆப் தேடும் ஜோடிகள் பெருகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எது பெஸ்ட், எதில் வசதி அதிகம், எது இலவசம் என்பவைதான் அவர்கள் கேட்கும் கேள்விகள். இந்தக் கேள்விகளுக்கு எந்த ஆப்பின் விளம்பரமும் சுலபமாகப் பதில் சொல்லிவிடும். கேட்க வேண்டியவை வேறு இரண்டு. இந்த ஆப் யாருடைய கல்யாணத்தை மனதில் வைத்து உருவானது? இதற்குப் பணம் கட்டுவது யார்? இந்த இரண்டுக்கும் பதில் தேடினால் ஒரு முடிவு தெளிவாகிறது. கணக்குப்பிள்ளை வேலைக்கு ஆப்பை வைத்துக்கொள்ளலாம். தரகர் வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது.

வேறு ஊர் அளவில் தைத்த சட்டை

கல்யாணத் திட்டமிடலை இணையத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று, 1996-ல் நியூயார்க்கில் தொடங்கிய ‘தி நாட்’. 2007-ல் ‘வெட்டிங்வயர்’ வந்தது. 2018-ல் இரண்டும் ஒரே குடையின் கீழ் இணைந்தன. 2013-ல் வந்த ‘ஸோலா’, மணமக்களுக்கு வேண்டிய பரிசுப் பொருட்களின் பட்டியலை மையமாக வைத்து வளர்ந்தது. விருந்தினர் வருகை உறுதி, மேசைவாரியாக இருக்கை வரைபடம், பரிசுப் பட்டியல், பட்ஜெட் சதவிகிதம் என்று இன்று பல கல்யாண ஆப்களில் இருக்கும் அங்கங்கள் அந்த ஊர்க் கல்யாணத்துக்காக உருவானவை. அங்கே அழைப்பவர்கள் பெரும்பாலும் மணமக்களே. விருந்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று விலை. யார் எந்த நாற்காலியில் உட்காருவார் என்பதுவரை முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அந்தக் கல்யாணத்துக்கு அந்த ஆப் கச்சிதம்.

நம் கல்யாணத்தில் அழைப்பவர்கள் பெற்றோர். பத்திரிகை அவர்கள் பெயரில் அச்சாகிறது. தட்டில் பழம், குங்குமத்தோடு நேரில் போய்த்தான் வைக்கப்படுகிறது. அழைப்பு ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. ‘குடும்பத்தோட வந்துடணும்’ என்று சொல்லிவிட்டு வந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரலாம், ஒரு வேன் நிறையவும் வரலாம். வீடு தேடி வந்து அழைத்தவரிடம் ‘வர முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்கிற பழக்கமும் நமக்குக் கிடையாது. இந்த நிலையில் ‘வருகிறேன் / வரவில்லை’ பொத்தானை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதை அமுக்குவது மணமக்களின் கல்லூரி நண்பர்களும் ஆபீஸ் சகாக்களும்தான். அவர்கள் பெரும்பாலும் ரிசப்ஷன் கூட்டம். காலை முகூர்த்தத்துக்கு வரும் ஊர்ச் சனத்தின் கணக்கு ஆப்பில் ஏறுவதே இல்லை. அந்த நாளில் எத்தனை முகூர்த்தங்கள் இருக்கின்றன, விடுமுறையா வேலை நாளா, எந்த ஊருக்கு பஸ் பிடித்திருக்கிறோம், சொந்தத்தில் யார் யாருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று நாலையும் கணக்குப் போட்டுத்தான் மாமா ‘எரநூறு’ என்கிறார்.

இந்திய நிறுவனங்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பின. 2014-ல் ‘வெட்மீகுட்’ தொடங்கியது. ‘வெட்டிங்ஸ்.இன்’ தளத்தை 2018-ல் ஓயோ வாங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம், வரன் பார்ப்பதோடு நிற்காமல் மண்டபம், கல்யாண சேவைகள் என்று விரிந்து, 2021-ல் ‘ஷாதிசாகா’வை வாங்கியது. ஆனால், இவற்றின் பலம் மண்டபம், போட்டோகிராபர், மேக்கப் கலைஞர் என்று ஆள் பிடித்துத் தருவதில். பொதுவான ஆயத்தப் பட்டியல்களில் மெஹந்தி, சங்கீத், ஹல்தி முன்வரிசையில் இருக்கும். பரிசம், முகூர்த்தக்கால், நலங்கு, மாமன் சீர், மறுவீடு போன்றவற்றை நாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும். எழுதிச் சேர்க்க இடம் தரும் ஆப்தான் நமக்கு ஆகும்.

▪ ▪ ▪
பெட்டிச் செய்தி 1: பந்தலுக்குள் புழங்கும் பணம்

● 2025 நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை நாடு முழுவதும் சுமார் 46 லட்சம் கல்யாணங்கள், 6.5 லட்சம் கோடி ரூபாய் வியாபாரம் என்று அகில இந்திய வர்த்தகர்கள் கூட்டமைப்பு கணித்தது.
● இந்தியக் கல்யாணச் சந்தையின் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கோடி ரூபாய் என்று ஜெஃப்ரீஸ் நிறுவனம் 2024-ல் மதிப்பிட்டது.
● அதே அறிக்கையின்படி ஒரு கல்யாணத்தின் சராசரிச் செலவு சுமார் 12.5 லட்சம் ரூபாய். மழலையர் பள்ளி தொடங்கிப் பட்டப்படிப்பு வரை ஒரு பிள்ளையின் கல்விக்கு ஆகும் செலவைப் போல இது இரண்டு மடங்கு.
▪ ▪ ▪

இலவச ஆப்புக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

ஜோடிகளிடம் பெரும்பாலான ஆப்கள் காசு கேட்பதில்லை. பட்டியலில் இடம் பிடிக்கவும் மேலே வரவும் போட்டோகிராபர்களும் மண்டபங்களும் அலங்கார நிறுவனங்களும் சந்தாவோ கமிஷனோ கட்டுகிறார்கள். அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைப்பது ஜோடியின் தேதி, ஊர், பட்ஜெட், போன் நம்பர். ஆகவே, ஆப்பைத் திறந்ததும் அது கேட்கும் இந்த விவரங்கள் யாருக்குப் பயன்படுகின்றன என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பட்டனை அமுக்கிய சில மணி நேரத்தில் அறிமுகம் இல்லாத நம்பர்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். அது தொந்தரவோடு முடிந்தால் பரவாயில்லை. ‘அலங்காரத்துக்கு மூன்று லட்சம் வரை’ என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்ட ஜோடிக்கு இரண்டு லட்சத்தில் கொட்டேஷன் வருமா? பேரம் பேசும் ஊரில் பையில் இருக்கும் பணத்தை முதலிலேயே எண்ணிக் காட்டிவிட்டால், பிறகு பேச என்ன இருக்கிறது?

தொழில் செய்பவர்கள் தரப்பிலும் இதன் விளைவு உண்டு. சந்தா கட்டும் போட்டோகிராபர் அந்தப் பணத்தைத் தன் கையிலிருந்து போடுவதில்லை; அது கொட்டேஷனில் ஏறுகிறது. அமெரிக்காவில் ‘தி நாட்’ மூலம் வந்த விசாரணைகள் பல போலியானவை என்று, பணம் கட்டி விளம்பரம் செய்த தொழில்முனைவோர் சிலர் குற்றம்சாட்டினார்கள். நிறுவனம் அதை மறுத்தது. விவகாரம் 2025-ல் செனட்டர் சக் கிராஸ்லி ஒழுங்குமுறை அமைப்புகளுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. அந்தப் புகாரின் முடிவு எதுவானாலும், இந்தத் தொழிலில் காசு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை அது வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது. இன்னொரு பக்கம், ஆப்புக்குள் வராதவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணம் பக்கத்து நாதஸ்வரக்காரரும், ஐந்நூறு இலைக்குக் கை அளவிலேயே சாம்பார் வைக்கும் கிராமத்துச் சமையல்காரரும் மாதச் சந்தா கட்டி ‘புரொஃபைல்’ வைத்துக்கொள்வது அபூர்வம். வாய்வழிப் பேச்சில் வாழ்கிறவர்கள் அவர்கள். ஆப்பை மட்டுமே நம்பும் ஜோடியின் கண்ணுக்கு அவர்கள் தெரியவே மாட்டார்கள்.

சட்டம் வேடிக்கை பார்க்கவில்லை. 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், எந்த அளவுகோலில் விற்பனையாளர்களை வரிசைப்படுத்துகிறோம் என்பதை ஆன்லைன் சந்தைகள் விளக்க வேண்டும் என்கின்றன. புகாரைக் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், ‘இந்தத் தேதிக்கு ஒரே ஒரு மண்டபம்தான் பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, விளம்பரத்தைச் செய்தி போல ஒளித்துக் காட்டுவது உட்பட 13 தந்திரங்களைத் தடை செய்தன. ஆன்லைன் விமர்சனங்களுக்கென்று 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையையே வெளியிட்டது. ஆனால், முகூர்த்தம் குறித்தபின் வழக்குப் போட யாருக்கு நேரம் இருக்கிறது? கல்யாண வியாபாரத்தில் ஏமாற்றியவருக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பே தேதிதான். அதனால்தான் எச்சரிக்கை முன்கூட்டியே வேண்டியிருக்கிறது.

மொய் எழுதும் கம்ப்யூட்டர் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டுக் கல்யாணத்துக்கு டெக்னாலஜியே ஒத்துவராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மதுரை, தேனி வட்டாரத்து விசேஷங்களில் நோட்டுப் புத்தகத்தின் இடத்தில் லேப்டாப்பும் ரசீது மெஷினும் வந்து பல வருடங்கள் ஆகின்றன. பெயர், ஊர், தொகை சொன்னால் போதும். கையில் ரசீது கிடைக்கிறது. கடைசியில் ஊர்வாரியாகப் பிரித்த பட்டியல், மொத்தக் கணக்கோடு வீட்டுக்காரர் கைக்கு வந்துவிடுகிறது. மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய பணம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துகளில் வட்டியில்லாக் கடன் போலவே அது சுழல்கிறது. பத்து வருடம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷத்தில் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பட்டியல்தான் சாட்சி. இந்தத் தேவையை உள்ளே இருந்து பார்த்தவர்கள் அதற்கேற்ற மென்பொருளைச் செய்தார்கள். எழுபது வயதுப் பெரியவர்களும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். பரிசுப் பட்டியல் வசதியைப் பெருமையாகக் காட்டும் பளபளப்பான ஆப்கள் செய்யத் தவறியதை ஒரு லேப்டாப்பும் ரசீது மெஷினும் செய்துவிட்டன. பெரியவர்களுக்கு டெக்னாலஜி வராது என்று சொல்பவர்கள், அவர்களுக்குத் தேவையானதை அது செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கணக்குதான் முதல் வேலை

அப்படியானால் ஜோடிக்கு உண்மையில் தேவைப்படுவது என்ன? ஒரு கல்யாணத்தில் பத்துப் பதினைந்து பேருக்கு அட்வான்ஸ் போகிறது. சிலருக்கு அப்பா பணமாகக் கொடுத்திருப்பார். சிலருக்கு அண்ணன் ஜி-பே செய்திருப்பார். பூக்காரருக்கு அம்மா கொடுத்தது யாருக்குமே தெரியாது. மண்டபத்தின் கணக்கு இன்னும் சிக்கல். பேசிய வாடகை ஒன்று. அதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி., மீட்டர் பார்த்து கரண்ட், ஜெனரேட்டருக்கு டீசல், கேஸ், துப்புரவுக் கட்டணம் என்று கடைசிநாள் பில் வேறொன்றாக வந்து நிற்கும். ஆயத்த பட்ஜெட் பட்டியல்கள் சதவிகிதம் போட்டுக் காட்டும்போது தங்கத்தையும் தாம்பூலப் பையையும் சொந்தக்காரர்களுக்கு எடுக்கும் துணிமணிகளையும் எந்தத் தலைப்பில் போடுவது என்றே தெரியாது. முகூர்த்தம் பெண் வீட்டுச் செலவு, ரிசப்ஷன் மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்று பேசிக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. சரிபாதி என்பவர்களும் உண்டு. எப்படிப் பேசினாலும், வீடியோகிராபர் இரண்டுக்கும் பொது என்றால் பில் யாருக்கு என்ற இடத்தில்தான் சம்பந்திகளுக்குள் முதல் மனத்தாங்கல் முளைக்கிறது. கொடுத்தது, பாக்கி, கெடு, கொடுத்தவர் பெயர், ரசீதின் போட்டோ என்ற ஐந்து கட்டங்களைத் தெளிவாக வைத்துக்கொள்ளும் எதுவும் இந்த மனத்தாங்கலைப் பாதியாகக் குறைக்கும்.

சட்டமே கேட்கும் ஒரு கணக்கும் இருக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகள்படி, கல்யாணத்தின்போது மணமகளுக்கு வந்த அன்பளிப்புகளை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றை மணமகனும் எழுத்தில் பட்டியலாக வைத்திருக்க வேண்டும். பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். நடைமுறையில் இதைச் செய்யும் குடும்பங்கள் மிகக் குறைவு. பின்னாளில் பிரச்னை என்று வந்தால், நகை யாருடையது என்ற கேள்விக்கு இந்தப் பட்டியல் முக்கியமான ஆவணமாகும். அழைப்பிதழுக்கு முப்பது டிசைன் காட்டும் ஆப்பில் இதற்கு ஒரு பக்கம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டில் கல்யாணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற நினைவூட்டலையும் சேர்த்தே தேடுங்கள்.

▪ ▪ ▪
பெட்டிச் செய்தி 2: அழைப்பிதழ் வேஷத்தில் ஆபத்து

● வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’ என்று வரும் ஃபைலின் பெயர் .ஏ.பி.கே. என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல. போனில் நிறுவப்படும் மென்பொருள். திறந்தால் குறுஞ்செய்திகளும் வங்கி விவரங்களும் திருடு போகலாம். 2024 நவம்பரில் இமாசலப் பிரதேச சைபர் போலீஸ் இது குறித்து எச்சரித்தது.
● உங்கள் பத்திரிகையைப் படமாகவோ பி.டி.எஃப்-ஆகவோ மட்டும் அனுப்புங்கள்.
● பணம் போய்விட்டால் உடனே 1930. சேவைக் குறைபாடு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
▪ ▪ ▪

விருந்தாளிகளின் முகமும் நம்பரும்

ஆப்பைத் தேர்ந்தெடுப்பது ஜோடி; அதன் விளைவைச் சுமப்பது விருந்தாளிகளும்தான். ‘காண்டாக்ட்ஸ் அனுமதி’ கொடுத்த நொடியில், அத்தை, சித்தப்பா தொடங்கி பால்காரர் வரை அத்தனை பேரின் நம்பரும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய்விடலாம். இப்போது மண்டப வாசலில் கியூ.ஆர். கோடு வைக்கிறார்கள். ஒரு செல்ஃபி எடுத்துக் கொடுத்தால், ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து உங்கள் முகம் இருப்பவற்றை மட்டும் பொறுக்கித் தந்துவிடும். வசதிதான். ஆனால், குழந்தைகள் உட்படக் கூட்டத்தில் இருந்த எல்லோருடைய முகத்தையும் அளந்தால்தான் அது நடக்கும். அந்த அளவுகள் எவ்வளவு நாள், எங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் அரிது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே முழுமையாக நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காவல் உங்கள் கையில்தான். காண்டாக்ட்ஸ் அனுமதியை மறுத்துவிட்டு, பெயர்களை மட்டும் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

‘நோட்டும் வாட்ஸ்அப்பும் போதாதா?’

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு, அவை வலுவானவையும்கூட. முதலாவது: காலம்காலமாக ஒரு நோட்டில் எழுதித்தானே கல்யாணம் செய்தோம், இப்போது வாட்ஸ்அப் குரூப் வேறு இருக்கிறது, ஆப் எதற்கு? நோட்டின் சிக்கல், அது ஒருவர் கையில் இருப்பது. அந்த ஒருவர் பெரும்பாலும் அப்பா. ஜவுளி, பாத்திரம், சீர்வரிசை, தாம்பூலம் என்று அலைச்சலில் பெரும்பங்கு அம்மாவுக்கும் பெண்ணுக்கும். அலைபவர்களுக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று தெரியாது. எவ்வளவு கடன் வாங்கிக் கல்யாணம் நடந்தது என்பது பல மணமக்களுக்கு வெகுநாள் கழித்தே தெரியவருகிறது. குரூப்பிலோ, ‘சமையலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு’ என்ற செய்தி மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். எல்லோரும் ஒரே கணக்கைப் பார்க்க முடிவதுதான் ஆப்பின் ஒரே பெரிய லாபம். அதற்குச் சிறப்பு ஆப்தான் வேண்டும் என்றுகூட இல்லை. கூகுள் ஷீட் ஒன்றே போதும்.

இரண்டாவது வாதம் இதற்கு நேரெதிர்: எல்லாவற்றையும் எல்லோரும் பார்த்தால் சம்பந்திகளுக்குள் சங்கடம் வராதா? வரும். பெண்ணுக்குப் போடும் நகைக்கணக்கு மாப்பிள்ளை வீட்டுப் போனில் தெரிவது வெளிப்படைத்தன்மை ஆகாது, அது அழுத்தம். ஆகவே பொதுச் செலவுக்கு ஒரு கணக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கணக்கு என்று பிரித்து வைக்க வழியுள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பகிர்ந்தால் எல்லாமே தெரியும் என்ற அமைப்பு, இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் கல்யாணத்துக்குச் சரி. இரண்டு குடும்பங்கள் நடத்தும் கல்யாணத்துக்கு ஆபத்து.

மூன்றாவது: ஆப் வந்த பிறகுதானே மண்டப வாடகையும் மேக்கப் கட்டணமும் வெளியே தெரிகின்றன? ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ‘பார்ட்டியைப் பார்த்து ரேட்’ சொல்லும் தொழிலில் தொடக்க விலை தெரிவதே பெரிய விஷயம். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊரில் கல்யாணம் வைப்பவர்களுக்கு அது கைவிளக்கு. அந்த அளவில் பயன்படுத்தலாம். விலையை ஆப்பில் பாருங்கள். ஆளை, அவர் செய்த கல்யாணத்தில் சாப்பிட்டவரிடமோ ஆல்பம் வாங்கியவரிடமோ விசாரியுங்கள். இன்னொரு விதிவிலக்கும் உண்டு. ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் நூற்றைம்பது பேருக்கு மட்டும் கல்யாணம், டொரன்டோவிலோ சிங்கப்பூரிலோ தலைக்கு இவ்வளவு என்று கட்டும் ஹாலில் ரிசப்ஷன் என்றால், வருகை உறுதியும் இருக்கை வரைபடமும் அப்படியே பொருந்தும். அங்கே வெளிநாட்டு ஆப்கள் நன்றாகவே உழைக்கும். கல்யாணத்தின் அமைப்பைப் பார்த்து ஆப் மாற வேண்டும் என்பதுதான் இங்கும் விதி.

▪ ▪ ▪
பெட்டிச் செய்தி 3: டவுன்லோடு செய்யும் முன் ஏழு கேள்விகள்

1. போன் நம்பரும் பட்ஜெட்டும் கொடுக்காமல் உள்ளே போய்ப் பார்க்க முடிகிறதா?
2. ஆளுக்குப் பதில் வீட்டுக் கணக்கில் விருந்தினர் பட்டியல் போடலாமா? முகூர்த்தம், ரிசப்ஷன் தனித்தனியாக?
3. தமிழில் எழுதலாமா? சிக்னல் இல்லாத ஊரிலும் திறக்கிறதா?
4. குறைந்தது நான்கு பேர் கணக்கு எழுதலாமா? யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்கலாமா?
5. நம் சடங்குகளை நாமே சேர்க்க, வேண்டாததை நீக்க முடிகிறதா?
6. முழுக் கணக்கையும் எக்செல் அல்லது பி.டி.எஃப்-ஆக வெளியே எடுக்கலாமா?
7. கணக்கை நிரந்தரமாக அழிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது?
▪ ▪ ▪

இரண்டு வேலை, இரண்டு இடம்

நடைமுறைக்கு வருவோம். விலை பார்க்க ஓர் ஆப், கணக்கு வைக்க வேறொன்று என்று முதல் நாளிலேயே பிரித்துவிடுவது நல்லது. விலை பார்க்கும் ஆப்புக்கு, கல்யாணத்தோடு முடிந்துபோகும் ஒரு தனி நம்பரையும், மனதில் இருப்பதைவிடக் கணிசமாகக் குறைந்த பட்ஜெட்டையும் கொடுங்கள். மண்டபமும் சமையலும் முடிவானதும் அதை நீக்கிவிடுங்கள். கணக்கு வைக்கும் இடத்தில் விற்பவர்கள் யாரும் இருக்கக் கூடாது. அங்கே மணமக்கள் இருவரும், இரண்டு வீட்டிலும் பணம் கொடுக்கும் ஒருவரும் இருந்தால் போதும். எத்தனை இலை என்பதை மாமாவிடமே விடுங்கள். அவர் சொல்லும் எண்ணையும், கடைசியில் விழுந்த இலைகளின் எண்ணையும் மட்டும் குறித்து வையுங்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு உதவும்.

எந்த ஆப் என்று இன்னும் தடுமாற்றம் இருந்தால், ஒரு சோதனை போதும். கல்யாணம் முடிந்த மறுவாரம் இந்த ஆப்பை அழித்துவிட்டால் நம் கையில் என்ன இருக்கும்? கட்டிய பில்கள், பாக்கி விவரம், மொய்ப் பட்டியல், இருவரும் கையெழுத்திட்ட அன்பளிப்புப் பட்டியல், எவ்வளவு கடனோடு குடித்தனம் தொடங்குகிறோம் என்ற தெளிவு – இவை இருக்கும் என்றால் தாராளமாக டவுன்லோடு செய்யுங்கள். ஹனிமூன் பேக்கேஜுக்கும் பேபி ஷூட்டுக்கும் வரும் அழைப்புகள் மட்டும்தான் மிஞ்சும் என்றால், இரண்டு வீட்டுக்கும் தலா ஒரு நோட்டு வாங்கிக் கொடுப்பது மேல்.